ஒயரும் அக்கா வீட்டு அலாரமும்

ஒயர் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தங்கையின் வாயிலிருந்து, அதுவும் திட்டாக. அவள் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன், சத்தமே இல்லை. கதவைத் தட்டியதும் வந்தாள். "மணி எங்கக்கா அடிக்கும்? ஒயர் மகாராணி பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்காங்க, உள்ள வந்து பாரு!" உள்ளே, பால்பல்கூட விழாத அவள் மகள் மணியைத் தரையெல்லாம் பரப்பி வைத்து, "பெரியம்மா, மிதிச்சுடாதீங்க" என்றாள். சாயங்காலத்துக்குள் பூட்டி மாட்டியும் விட்டாள். முன்னைவிடச் சத்தமாக அடித்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

வளர்ந்தபின் வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டும் வேலைக்குப் போனாள். எங்கள் மூவரில் மூத்தவளான என் அக்கா தனியாக இருந்தாள். அவளுக்கும் ஒயர்தான் மாட்டிக்கொடுத்தாள். அக்காவின் ஒரே மகன் வீட்டுத் தரகன். அவன் முடித்துக் கொடுக்கும் வீட்டுக்கெல்லாம் அலாரம் மாட்ட இவளைத்தான் கூப்பிடுவான். இவள் பிழைப்பில் பாதி அவன் கையில்.

வேலை முடிந்ததும் ஒயர் ஒன்று செய்வாள். அலாரத்தை நிறுத்தும் எண்ணை அழுத்துகிற சுவர்ப் பெட்டிக்கு முன்னால் வீட்டுக்காரரை நிறுத்தி, "நம்பரை நீங்களே போடுங்க, எனக்கு வேண்டாம்" என்று திரும்பி நின்றுகொள்வாள். "சொந்தப் பெரியம்மாவுக்கே முதுகைக் காட்டுறா பாரு" என்று அக்கா சிரித்தாள். ஆனாலும் மாட்டியவரிடம் தனியாக ஓர் எண் இருக்கும். வீட்டுக்காரர் மறந்துபோனால் அதை அழுத்திப் பழையதை அழித்துப் புதிதாக வைக்கலாம்.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்துவிட்டாள். நான் தங்கை வீட்டில் இருந்தபோது தரகன் வந்தான்.

"ஒயரு, அம்மா வீட்டு அலாரத்தை ரீசெட் பண்ணி எனக்கு ஒரு நம்பர் போட்டுக் குடு. சாவி இருக்கு. ஆனா கதவைத் திறந்து உடனே நம்பர் போடலேன்னா அது அலறித் தெருவே கூடிரும்."

"பெரியம்மாகிட்ட நம்பர் கேளுங்கண்ணா."

"கேட்டேனே. நானே வந்து திறந்துக்குறேங்குறாங்க. எந்திரிச்சு நிக்க முடியல, வீம்பைப் பாரு! சும்மா வீட்டைப் பாக்க ஒருத்தர் வர்றாரு, அவ்வளவுதான்."

தரகன் கூட்டி வருகிற ஆள் சும்மா பார்க்கவா வருவார்? தாய் கட்டிலில் கிடக்கும்போதே வீட்டை வாங்க ஆள் பிடித்துவிட்டான்.

"உன்னால முடியுமா, முடியாதா?"

"முடியும். ரெண்டு நிமிஷ வேலை. அதனாலதான் பண்ண மாட்டேன்."

"நான் யாரோ எவனோவா? பெத்த மகன்!"

"இருக்கட்டும். அந்த வீட்ல படுத்துத் தூங்குறது பெரியம்மா. அவங்க பெட்டி முன்னால வந்து சொன்னா போடுறேன்."

"இனிமே என் கைவழியா வர்ற எந்த வீட்லயும் உன் ஸ்குரு ஏறாது, பாத்துக்க."

"ஸ்குரு என்னோடதுதானே? வேற சுவரைப் பாத்துக்கும்."

அவன் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் போய்விட்டான். தங்கை தலையில் கை வைத்தாள். "வர்ற வேலையை எட்டி உதைக்கிறியேடி!"

"அம்மா, இன்னிக்கு அண்ணனுக்குத் திறந்து விட்டேன்னு வை, நாளைக்கு யாராவது என்னை வீட்டுக்குள்ள ஏணியோட விடுவாங்களா?"

நேராக என்னையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடி, "நான் வீட்டுக்குப் போற அன்னிக்கு அந்த ஆளையும் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றாள்.

அப்படியே வந்தார்கள். அக்கா சக்கர நாற்காலியில். தரகன் கதவைத் திறந்தான், நாற்காலியை உள்ளே தள்ளினோம். பெட்டி நிற்பவர் உயரத்தில் இருந்தது, அக்காவின் கை எட்டவில்லை. "நம்பரைச் சொல்லும்மா, நான் அழுத்துறேன்" என்றான். அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். மருந்து மயக்கத்தில் எண் போன இடம் தெரியவில்லை. அதற்குள் அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் முகத்தில் பாதி சவரத்தோடு ஓடி வந்தார்.

தரகன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்: "பாத்தியா? இந்த மறதியோட தனியா இருப்பாங்களாம்! ஒயரு, நம்பரை என்கிட்ட குடு!"

ஒயர் தன் எண்ணை அழுத்தி அலறலை நிறுத்தினாள். பிறகு பையிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்தாள். யாரோடும் பேசாமல் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் ஓடும் மின்கம்பியை இழுத்து இறக்கி, அக்காவின் தோள் உயரத்தில் திரும்ப மாட்டினாள். "பெரியம்மா, மறந்தா மறந்துட்டுப் போகுது. இப்போ புதுசா ஒண்ணு போடுங்க." திரும்பி நின்றாள். தரகன் எட்டிப் பார்ப்பது தெரிந்ததும், "அண்ணா, நீங்களும்" என்றாள். அவன் திரும்பினான். வாங்க வந்தவரும், யாரும் சொல்லாமலே, சுவரைப் பார்த்து நின்றார்.

அக்கா நிதானமாக அழுத்தினாள். பிறகு வாங்க வந்தவரைப் பார்த்து, "வீட்டைப் பாத்துட்டீங்களா? நல்லா இருக்குல்ல? அதான் நான் இருக்கேன்" என்றாள்.

அவர் போகும்போது ஒயரிடம், "எங்க வீட்டுக்கும் ஒண்ணு மாட்டித் தர்றியாம்மா?" என்று கேட்டார். பாதிச் சவர எதிர்வீட்டுக்காரர், "முதல்ல எனக்கு" என்றார்.

தரகன் சொன்ன சொல் தவறவில்லை. அதன்பின் ஒரு வீட்டுக்கும் இவளைக் கூப்பிடவில்லை. அக்கா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஒயர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தையற்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள்.