செவ்வாய்க்கிழமை ஆந்தை

பத்து வயதில் நான் மகா யோக்கியமான பிள்ளை. அப்படி ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். வகுப்பில் டீச்சர் வீட்டுப்பாடம் கேட்க மறந்துபோனால் கையைத் தூக்கி நினைவூட்டுகிற ரகம் நான். ஸ்கூல் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்போது ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இரண்டாம் மாடி அபார்ட்மென்ட் ஒன்றில் குடியிருந்தோம். அம்மாவுக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்காக கான்ட்ராக்ட் வேலை. காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஸ்டேஷனில் போட்டுவிட்டு, ரயில் மாறிப் போவாள். அம்மாவின் வேலையை வைத்துத்தான் எங்கள் மூவருக்கும் விசா. அப்பாவுக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஊரில் கூட்டுறவு வங்கியில் அதிகாரியாக இருந்தவர், இங்கே அம்மாவுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா கட்டுவதையே ஓர் உத்தியோகமாகச் செய்துகொண்டிருந்தார். ரசம் சிந்தாத மூடி எந்தக் கடையில் கிடைக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் இலையுதிர்காலம் முடிகிற சமயத்தில், வகுப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தெலுங்குப் பெண் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அவள் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, குறித்த நாட்களுக்குள் வேறு வேலை கிடைக்கவில்லை, ஊருக்கே திரும்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவள் பெயர் எழுதிய ஸ்டிக்கர் மேஜையில் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் அம்மா கதவைத் திறந்து உள்ளே வரும்போது முதலில் முகத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். முகத்தில் என்ன தேட வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பறவை பார்க்கும் பழக்கம் கீழ்வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. ரிட்டயர் ஆன அறிவியல் ஆசிரியை. அவருக்குப் பெயர் இருந்தது, எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் மட்டும் டீச்சர் ஆன்ட்டி என்போம். பத்துப் பதினைந்து பேர் கொண்ட பறவைக் குழு ஒன்றை அவர்தான் நடத்திவந்தார். முந்தின குளிர்காலத்தில் பைனாகுலர் ஒன்றைக் கையில் கொடுத்து என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். நான் பட்டியல் போடுவதற்காகப் போனேன். அம்மா பறவைகளுக்காகவே போனாள். ஒரு கடற்காக்கையைக் கூட அரைமணி நேரம் அலுக்காமல் பார்ப்பாள்.

தெலுங்குப் பெண் போன அந்த வருஷக் குளிர்காலத்தில் பனி ஆந்தைகள் வந்தன. வடதுருவத்துப் பக்கம் வாழ்கிற பறவை. சில வருஷங்களில் மட்டும் இவ்வளவு தெற்கே இறங்கி, ஜெர்சி கடற்கரையின் மணல்மேடுகளில் பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் குழுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் ஆந்தை வீட்டுப் பக்கம் வந்தால் கல்லைத் தூக்குவார்கள், இங்கே காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அதைத் தேடிப் போகிறார்கள் என்று அப்பா கேலி செய்தார்.

குழுவில் சட்டதிட்டங்கள் கறாராக இருந்தன. ஆந்தை இருக்கும் இடத்தை வெளியாளிடம் சொல்லக்கூடாது. கிட்டே போகக்கூடாது, அது கண் திறந்து நம்மைப் பார்த்துவிட்டால் நாம் அத்துமீறிவிட்டோம் என்று அர்த்தம். பார்த்தவர்கள் நாள், நேரம், இடம், அடையாளம் எல்லாவற்றையும் டீச்சர் ஆன்ட்டிக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். அவற்றைப் பெரிய நோட்டில் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வியாழக்கிழமை தோறும் ஸ்கூல் விட்டதும் கீழ்வீட்டுக்குப் போவேன். அவர் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதுவேன்.

சனிக்கிழமை காலை கடற்கரைப் பார்க்கிங்கில் எல்லோரும் கூடியதும், நடக்கத் தொடங்கும் முன் ஆன்ட்டி அந்த வாரத்துப் பதிவுகளை உரக்கப் படிப்பார். ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு ஒரு கணம் நிறுத்துவார். யாருக்காவது சந்தேகம் இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பார்த்தவர், “நான் பார்த்தேன்” என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால் பதிவு நிற்கும். சொல்லாவிட்டால் சிவப்புப் பென்சிலால் கோடு. தப்பான பதிவைவிடப் பதிவே இல்லாமலிருப்பது மேல் என்று ஆன்ட்டி எனக்குப் பாடமே நடத்தியிருந்தார். நானோ பாடத்தை மறக்கிற பிள்ளை இல்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை அவர் படித்ததை எழுதிக்கொண்டே வந்த என் கை நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. வடக்கு மணல்மேடு, உடைந்த வேலிக்குப் பக்கத்தில் ஒரு பனி ஆந்தை. இளம் பெண் பறவை, உடம்பெல்லாம் கறுப்புப் பட்டைகள். அரைத்தூக்கத்தில் இடது கண்ணை மட்டும் லேசாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பார்த்தவர் பெயர் இருந்த இடத்தில் அம்மாவின் பெயர்.

செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்கு அம்மா ஜெர்சி சிட்டியில் இருந்தாள். அன்றைக்கு அவள் கிளம்பியபோது டப்பாவை மறந்துவிட்டாள், நான்தான் படியிறங்கி ஓடிக் கொடுத்தேன். ஆன்ட்டியிடம் வாயைத் திறக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு மேலே வந்தேன்.

அம்மா வந்ததும் செவ்வாய்க்கிழமை என்ன செய்தாய் என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மீட்டிங், தலைவலி என்றாள். சரி, அப்படியானால் பதிவுதான் தப்பு. சனிக்கிழமை பார்த்ததைச் செவ்வாய் என்று எழுதிவிட்டாளா? ஆனால் சனிக்கிழமை நாங்கள் வடக்கு மேட்டுப் பக்கமே போகவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக அனுப்பிவிட்டாளா? முந்தின வருஷம் ஓர் அங்கிள் பார்க்காத கழுகைப் பார்த்ததாகச் சொல்லி இரண்டு முறை சிவப்புக் கோடு வாங்கி, அப்புறம் வருவதையே நிறுத்திக்கொண்டது எனக்கு நினைவிருந்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரில் ஏறும்போது மிதியடியில் மணல் கிடந்தது. போன சனிக்கிழமை மணலாக இருக்கும் என்று அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வேறு யாராவது கண்டுபிடித்தால் மானம் போகும். நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், கைத்தவறுதலாக நடந்தது என்று ஆகிவிடும். அம்மாவைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று நிஜமாகவே நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து அப்பாவும் கூட வந்தார். ஒரு வாரமாக டப்பா பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. கடல் காற்று பட்டால் அம்மாவுக்குப் பசிக்கும் என்பது அவர் கணக்கு. எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தார்.

பார்க்கிங்கில் காற்று காதை அறுத்தது. ஆன்ட்டி காரின் பானெட்மேல் நோட்டை விரித்துப் படித்துக்கொண்டே வந்தார். செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு வழக்கம்போல நிறுத்தினார். நான் கையைத் தூக்கினேன்.

“அது தப்பு. செவ்வாய்க்கிழமை அம்மா ஆபீஸ்ல இருந்தாங்க,” என்று இங்கிலீஷில் சொன்னேன்.

யாரோ சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையில் டப்பாப் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஆன்ட்டி வழக்கப்படி அம்மா பக்கம் திரும்பிக் காத்திருந்தார். நான் பார்த்தேன் என்று மூன்று வார்த்தைகூட இல்லை, இரண்டே வார்த்தை. அம்மா சொல்லவில்லை. கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“ஸாரி. என் தப்புதான். அடிச்சிடுங்க,” என்றாள்.

ஆன்ட்டி உடனே அடிக்கவில்லை. இடது கண்ணைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறாயே என்று மெதுவாகக் கேட்டார். அம்மா மறுபடியும் அதையேதான் சொன்னாள். ஆன்ட்டி என் அழகான கையெழுத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். ரிட்டயர் ஆன போலீஸ்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஆந்தை விஷயத்தில் பொய்யைப் பொறுக்காதவர். அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கைத்தவறுதல் என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லையே. அப்படியானால் பார்க்காததைப் பார்த்ததாகத்தான் சொல்லியிருக்கிறாள். என் அம்மா பொய் சொல்கிறவள்.

நடக்கத் தொடங்கினோம். அம்மா எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். அரைமணி நேரத்தில் முன்னால் போனவர்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள். வடக்கு மணல்மேடு. உடைந்த வேலி. பக்கத்தில் ஓர் இளம் ஆந்தை, உடம்பெல்லாம் கறுப்புப் பட்டைகள். முதலில் பார்த்தவர் என்று அந்தப் போலீஸ்காரர் பெயரை நான் நோட்டில் எழுதினேன். விரல் விறைத்து எழுத்து கோணிக்கொண்டு போனது.

முக்காலியில் நிறுத்திய ஸ்கோப் வழியாக ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அம்மா பைனாகுலரைக்கூட எடுக்கவில்லை. அப்பாவின் முறை வந்தபோது, ஆந்தையைக் கண்டால் ஆகாத மனுஷன், குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். கடைசியில் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“இடது கண்ணைத்தான் திறக்குது,” என்றார்.

“ஆமா,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. பறவையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பாவுக்கும் ஆந்தை பிடித்துவிட்டது என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. திரும்பும்போது காரில் அப்பா எலுமிச்சை சாதத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அவள் முழுவதையும் சாப்பிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளோடு பேச எனக்கு இஷ்டமில்லை.

மார்ச் மாதம் அம்மா வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாள். கம்பெனி மாறிவிட்டாள் என்று சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். கல்லூரியில் ஒரு விண்ணப்பத்துக்காகப் பழைய காகிதங்களைப் புரட்டியபோதுதான் இரண்டு வேலைகளுக்கும் நடுவில் ஏழு வாரம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. வேலை போனால் அறுபது நாள்தான் கெடு என்கிற எங்கள் விசாவுக்கு ஏழு வாரம் என்பது ஏறக்குறைய கழுத்து வரைக்கும் தண்ணீர். அந்தச் செவ்வாய்க்கிழமை அதற்குள் இருந்தது. ஆந்தை உண்மை. ஆபீஸ்தான் பொய். எனக்குத் தெரிந்தால் பயந்துவிடுவேன், அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துவிடுவார் என்று, அம்மா தினமும் டப்பாவோடு கிளம்பி, காரில் உட்கார்ந்தே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். போக வேறு இடம் தெரியாமல் கடலுக்குப் போயிருக்கிறாள்.

அவ்வளவு மறைத்தவள் ஆந்தையைப் பற்றி மட்டும் எதற்கு மெசேஜ் அனுப்பினாய் என்று அம்மாவிடம் கேட்டேன். எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும் என்று உனக்குத் தோன்றவில்லையா என்றேன்.

“அந்த வாரத்துல யார்கிட்டயாவது ஒரு உண்மையாவது சொல்லணும் போல இருந்துச்சுடி,” என்றாள்.

நான்தான் அதையும் அடிக்கவைத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அம்மா வழக்கம்போல ஏழு மணிக்கு ஆபீஸ் உடையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சமையலறையில் டப்பா கட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் வைக்கும் சாம்பார் சாதத்தோடு பெரிய பிளாஸ்க்கில் காபி வைத்தார். தன்னுடைய கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியைச் சுருட்டிப் பையில் திணித்தார். பிறகு டிராயரைத் திறந்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் சூடேறுமே, அந்தச் சின்னப் பொட்டலங்களை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார்.

கோபம் இன்னும் தீராத நான், ஆபீஸில் ஹீட்டர் இருக்குமே, இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். உள்ளே ஏசியைக் கூட்டி வைக்கிறார்களாம் என்றார் அப்பா. அம்மா குனிந்து ஷூ முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு போட அவ்வளவு நேரம் ஆகாது. ஜனவரி மாதத்தில் யார் ஏசி போடுவார்கள்? இதுகூடத் தெரியாத அப்பாவை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.