ஒன்பது நாளும் நாலு டிகிரி

நான் லேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. தேங்காய் வாங்கினால், கடைக்காரர் தட்டிக் காட்டிய பிறகும் நான் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தபோது, அந்தப் புத்தி ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைத்தது.

நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டவர் அவர். முட்டுவலிக்காரர், மேடேறிச் செய்யும் வேலை எதுவும் அவரால் ஆகாது. விடிந்ததும் தெர்மாமீட்டரைப் பார்த்து, இரவில் குளிர் எதுவரை இறங்கியது என்று நோட்டில் எழுதுவார். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் அன்று சாயங்காலம் நாற்றுகளைச் சாக்குப் போட்டு மூட வேண்டும். அந்த ஜனவரியில் தொடர்ந்து ஒன்பது நாளும் நாலு, நாலு என்றே எழுதியிருந்தார். குளிருக்குப் பயந்து வீட்டிலிருந்தே எழுதுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கர்த்தருக்குத் தெரியும் சார், தெனமும் போய்ப் பாத்துத்தான் எழுதுதேன்" என்றார்.

நான் காதில் வாங்கவில்லை. அவரை மேட்டில் களை பறிக்க அனுப்பிவிட்டு வேறொருவரை வைத்தேன். அவர் ஏழு, ஆறு, எட்டு என்று எழுதினார். எண் அசைந்ததும் என் மனசு ஆறியது. சாக்குப் போடவில்லை. நாலாம் நாள் நாற்றெல்லாம் கருகிக் கிடந்தது.

புதியவரைப் பிடித்து உலுக்கினேன்.

"நாலுதான் சார் காட்டுச்சு. அப்படியே எழுதுனா எனக்கும் வேலை போயிருமேன்னு மாத்தி மாத்தி எழுதுனேன்."

வானிலை படித்த நண்பர் ஒருவரிடம் போனில் கேட்டேன். வடக்கே ஓர் உயர் காற்றழுத்த மண்டலம் நகராமல் உட்கார்ந்துவிட்டது என்றார். கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் லாரி நின்றுவிட்டால் பின்னால் வருகிற எதுவும் நகராது, அதுபோலத்தான். அது விலகும்வரை அதே வறண்ட காற்று, மேகமில்லாத அதே வானம், அதே குளிர். அவர் சொன்னதையும் நான் பாதிதான் நம்பினேன்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வெந்நீர் ஒத்தடத்தில் முட்டு சிவந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாளையிலேருந்து நாத்தங்காலுக்கே வந்துருங்க."

"வாரேன் சார். நாளைக்கும் நாலு காட்டுனா?"

மறுநாள் விடியலில் நானும் கூடப் போனேன். அவர் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். நாலு.

பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க சார்."