மேசைமேல் இருந்த கை

ஒரு குழந்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால், அதற்குத் தெரியவில்லையா, தெரிந்தும் செய்யவில்லையா? இந்தக் கேள்விக்கு இன்றும் எனக்கு விடை தெரியாது. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் பொன்னேரியில் என் மகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்த மேடம்தான் நினைவுக்கு வருகிறார்.

போன வருடம் பள்ளியில் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "எதைக் கேட்டாலும் முழிக்கிறாம்மா. ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அப்புறம் ஒண்ணாவதா, திரும்ப யு.கே.ஜி.யான்னு பார்க்கலாம்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கர்ப்பமாக இருந்தபோது ஒழுங்காகச் சாப்பிடவில்லையோ, கைபேசியை அதிகம் கொடுத்துவிட்டேனோ என்று எதையெதையோ நினைத்துக் குழம்பினேன். வீட்டுக்காரர் மீன் வலையை உதறியபடி சிரித்தார். "என்னை அளந்தா இன்னா வரும்? உன்னக் கட்டிக்கினதுக்கே பாதி மார்க்க கொறச்சிடுவாங்க."

சோதனை அறையில் மூலை நாற்காலி ஒன்றைக் காட்டி, "வாயே திறக்கக் கூடாதும்மா" என்றார் மேடம். சிவப்பு வெள்ளைக் கட்டைகளால் ஒரு வடிவத்தைச் செய்து காட்டினார். பிறகு கட்டைகளைக் கலைத்து மகள் பக்கம் தள்ளி, "இப்ப நீ செய் பாப்பா" என்றார். கடிகாரம் ஓடியது. மகள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். இதைவிடக் கடினமானவற்றை வீட்டில் செய்திருக்கிறாள். எழுந்துபோய் உலுக்கலாம்போல் இருந்தது எனக்கு. நேரம் முடிந்தது.

மேடம் அடுத்த வடிவத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "ஏன் பாப்பா தொடவே இல்ல?" என்று கேட்டார்.

"உன் கை அங்கியே கீது ஆன்ட்டி. உன் பாடு இன்னும் முடியலியே."

'உன்' என்கிறாளே என்று நான் கூசிப்போனேன். மேடமோ தன் கையைப் பார்த்தார். அது கட்டைகளின் ஓரத்தில் அப்படியே இருந்தது.

நான் திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டுக்காரர் ஊர் ஏரியில் வலை போடும் இடங்களுக்கு முறை உண்டு என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒருவர் தன் பாடு வரும்போது போட்ட வலையை எடுத்துக்கொண்டு நகரும்வரை அடுத்தவர் அங்கே வலை இறக்கமாட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் சோழி ஆடும்போதும் இதே சட்டம்தான்: ஆடியவர் கையை எடுக்கும்வரை அடுத்தவர் தொடக் கூடாது. இதை மேடத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "விதிப்படி இதுக்கு முட்டைதான் போடணும். அதை மாத்த மாட்டேன். ஆனா ஏன்னு பக்கத்துல எழுதுவேன்." அதன்பின் ஒவ்வொரு முறையும் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். மகளின் விரல்கள் ஓடத் தொடங்கின.

கடைசியில், "வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கா. இந்த நம்பர், இன்னிக்கு இந்த மேசையில அவ செஞ்சது. அவ்வளவுதான். அவளே இவ்வளவுதான்னு நெனச்சுக்காதீங்க" என்றார். பேருந்து நிலையத்தில் நானும் மகளும் கரும்புச்சாறு குடித்தோம். எனக்குத் தாகம் அடங்கவில்லை, இன்னொரு கிளாஸும் வாங்கிக் குடித்தேன். அந்த ஜூன் மாதம் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

ஒரு வருடம் ஆகிவிட்டதால் இப்போது பள்ளியில் இன்னொரு முறை சோதித்துவரச் சொல்கிறார்கள். மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவரிடம் இந்தப் பாடு முறையைப் பற்றி முன்கூட்டியே சொல்லலாமா? சொன்னால், பரீட்சைக்கு முன்பே விடையைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டு, அவரும் கையை எடுக்க மறந்தால் என்ன செய்வது? இப்படிப் பிள்ளைகளை அழைத்துப் போன அம்மாக்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்களேன்.