அக்கா மறந்ததாகச் சொன்ன மாத்திரை

எங்கள் அக்கா லாஸ்பேட்டையில் ஐந்து பிள்ளைகளுக்கு மூத்தவராகப் பிறந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குச் சோறு ஊட்டியவர், அடித்தவர், அடித்துவிட்டு அழுதவர், எல்லாம் அவரே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எரிந்து விழுகிறவர்களிடம், "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு நம்பர சொல்லுங்க" என்பாராம்.

மார்பில் கட்டி என்றபோது அவர் பயப்படவில்லை. நான் பயந்தேன். அறுவை முடிந்து சில ஆண்டுகள் கழித்து அது எலும்பில் வந்து உட்கார்ந்தது. டாக்டரம்மா இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் புது வைத்தியம் சொன்னார்கள்: மூன்று வாரத்துக்கு ஒருமுறை கட்டியை மட்டும் குறிபார்க்கும் ஊசி, தினமும் ஹார்மோனை அடக்கும் ஒரு சிறிய மாத்திரை.

ஊசி மருந்தைச் சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் நான் கொண்டுவருவேன். பேருந்து மரக்காணம் தாண்டி ஊர் சேரும்வரை பெட்டி மடியில்தான். திறந்து பார்த்தால் குளிர் போய்விடும். பார்க்காவிட்டால் என் உயிர் போய்விடும்.

மாத்திரைக்கு அந்த மரியாதை இல்லை. அது சட்டைப் பையில் வந்தது. வருடப் பூசைக்காக இதை வாசிக்கும் உங்களுக்கு நம் வீட்டு வழக்கம் தெரியும்: காய்ச்சலுக்கு ஊசி போடாத டாக்டரிடம் மறுபடி போகமாட்டோம். அந்தச் சின்ன மாத்திரை அக்காவின் மூட்டுகளைப் பிடித்தது. காலையில் விரல் மடங்காது. மாதா கோயிலில் முழங்கால் போட முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருநாள் கேட்டார்: "ஊசிதான் போடுறமே, இது வேணுமாடா?"

"ஊசிதான்க்கா பெரிய மருந்து. இத விட்டுடு" என்றேன்.

பெட்டி தூக்கி வருகிறவன் சொன்னதால் நம்பினார். மூன்று மாதம். விரல்கள் மடங்கின. மீன் ஆய்ந்தார், பூசையில் முழங்காலிட்டார். நாங்கள் இருவரும் ரகசியமாகச் சந்தோஷப்பட்டோம். அடுத்த ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள்.

டாக்டரம்மா மாத்திரையைப் பற்றிக் கேட்டார்கள். அக்காவுக்கு ஒருபுறம் அவர் கணவர், எங்கள் மாமா; மறுபுறம் நான். நான் ஸ்கேன் உறையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"மறந்து மறந்து போயிடுது டாக்டர்" என்றார் அக்கா.

பாதி ஊரின் எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவர் அப்படிச் சொன்னார். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அந்தக் கட்டிக்கு ரெண்டு பக்கமும் தீனி போகுதும்மா" என்றார்கள் டாக்டரம்மா. "ஊசி ஒரு பக்கத்த அடைக்குது, மாத்திரை இன்னொரு பக்கத்த. ஒண்ண விட்டீங்கன்னா அந்த வழியா தின்னு வளரும்."

மாமா ஸ்கூட்டர் எடுக்கப் போனதும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உண்மைய சொன்னா உங்க மாமா உன்ன வாசப்படி ஏறவிடுவாரா? அப்புறம் பெட்டிய யாருடா தூக்கிட்டு வர்றது?" என்றார். சிரித்தார்.

அன்றிலிருந்து இரண்டு மருந்தையும் ஒருமுறைகூட விடவில்லை. வலியோடு ஒன்றரை ஆண்டு இருந்தார். கடைசியில் மஞ்சள் பாரித்து, பேச்சு குறைந்து, ஒரு காலையில் இறைவனடி சேர்ந்தார். பிறகு நான் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். மாத்திரையை விடாமல் இருந்திருந்தாலும் ஈரலுக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பதிலில் மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. அது என்னோடு எழுந்து என்னோடு படுக்கிறது.

அக்காவைத் தன் தாயைப்போல் பார்த்த டாக்டரம்மாவுக்கும், நரம்பு கிடைக்காத கையைத் தடவிக் கொடுத்த சிஸ்டருக்கும், மருந்து வைக்கத் தம் ஃபிரிட்ஜில் ஒரு தட்டையே காலி செய்து தந்த பக்கத்து வீட்டாருக்கும், கல்லறைவரை உடன் நடந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஆனால் அந்தக் கல்லறை வாசலிலேயே, "மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இருந்திருப்பாங்க" என்று சிலர் பேசியது என் காதில் விழுந்தது. இந்த ஒரு வருடமாக மாமாவும் அதையே சொல்லி, அக்காவைத் திட்டித் திட்டி அழுகிறார்.

மாமா, அக்கா எதையும் மறக்கவில்லை. நிறுத்தச் சொன்னவன் நான்.

வருடப் பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருவேன். வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிடுவது உங்கள் விருப்பம்.