மழை கேட்காத மத்தியானம்

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேட்டு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், கடைசிக் காம்பராவில் இருந்த கிருஷாந்திக்கு மழையென்றால் பயம். நனைவதற்கோ இடிக்கோ அவள் பயப்பட்டதில்லை. மழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் அதற்குப் பின்னால் இருக்கிற மற்றச் சத்தங்கள் காதுக்கு எட்டாமல் போய்விடுமே, அந்தப் பயம்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருசத்துப் பெருமழையில், விளக்கு வைக்கிற நேரம், லயத்துக்கு மேலேயிருந்த மலை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதை முதலில் கேட்டவள் அவள்தான். லாரியொன்று ஏற்றத்தில் திணறுவது போல ஓர் உறுமல். காதால் கேட்டதா, தரையில் ஊன்றிய பாதத்தால் கேட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மேட்டுக்கு லாரி வருகிற பாதையே கிடையாது. கத்திக்கொண்டே கதவு கதவாகத் தட்டினாள். சனங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு கோயிலடிக்கு ஓடிச் சேரவும், மண் வந்து லயத்தின் மறுபக்கத்து இரண்டு காம்பராக்களை மூடவும் சரியாக இருந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

அதிலிருந்து லயத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வானம் கறுத்தால் பக்கத்துக் காம்பரா இராமையா முன் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்று, "புள்ள, ஏதும் கேக்குதா?" என்பார். அவள் இல்லையென்று சொன்ன பிறகுதான் பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர்களுக்கு அது தைரியம். அவளுக்கோ, லயத்துச் சனத்தின் உயிரெல்லாம் தன் இரண்டு காதில் தொங்குவது போல இருந்தது. பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டித் தரப் போவதாகப் பேச்சு நடந்தது. பேச்சு மட்டும்தான் நடந்தது.

கிருஷாந்தி கொழும்பிலுள்ள பார்சல் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். பார்சல் எங்கே, எப்போது வரும் என்று கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய வேலை முறை மத்தியானத்துக்குப் பிறகு. மலைநாட்டில் மழைக்கும் அதே முறைதான். தகரத்து இரைச்சலில் அவள் பேசுவது அவர்களுக்கு விளங்காது, அவர்கள் பேசுவது அவளுக்கு விளங்காது. எரிச்சலில் பாதியிலேயே வைத்துவிடுவார்கள். வேலையைக் கவனிக்கிற மதுரன் ஒருநாள் கூப்பிட்டு, நல்லதாக ஓர் இயர்பட்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னான். வெளிச்சத்தத்தை அடக்குகிற வகை இருக்கிறதாம். இப்படியே போனால் தன்னால் மேலிடத்தில் அவளைத் தாங்கிப் பேச முடியாது என்றும் சொன்னான். அவன் மிரட்டவில்லை. அதனாலேயே அவள் சேர்த்து வைத்திருந்த காசை எண்ணிப் பார்த்தாள்.

தலவாக்கலையில் போன் கடை வைத்திருந்த ரிஸ்கான் அவளுக்குப் பழக்கமானவர். பெரிய கம்பெனிச் சாமானின் விலையைக் கேட்டவுடனேயே அவள் அதை மறந்துவிட்டாள். ஆக மலிவானதை ரிஸ்கானே கையில் எடுக்க விடவில்லை. நடுத்தரமான ஒன்றைத் திறந்து, அவள் காதில் மாட்டச் சொன்னார்.

மாட்டியதும் உலகம் பின்வாங்கியது. கடைக்கு எதிரே நின்ற பஸ் குலுங்கிப் புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது. அதன் இரைச்சல் மட்டும் வரவில்லை. கிருஷாந்தி சட்டென்று பிடுங்கி மேசையில் வைத்தாள்.

ரிஸ்கான் அவசரப்படவில்லை. "இதில ரெண்டு வேலை இருக்கு தங்கச்சி," என்றார். "ஒண்ணு, உங்க காதுக்கு வர்ற சத்தத்த வெட்டும். இன்ஜின், மழை மாதிரி ஒரே சீரா வர்ற தடிச்ச சத்தம்னா நல்லா வெட்டும். ஆள் கூப்பிடுறது, கதவு தட்டுறது கொஞ்சம் கேக்கும். மத்தது மைக். உங்க பேச்சு அந்தப் பக்கம் தெளிவாப் போகணுமே, அது இந்த வெலையில எப்படின்னு மழையில பேசிப் பாத்தாத்தான் தெரியும்."

தடிச்ச சத்தம் என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். கேட்டால் சிரிப்பாரோ என்று தயங்கினாலும் கேட்டாள். "ரிஸ்கான் நானா, மலை சரியிற சத்தத்தையும் வெட்டுமா?"

ரிஸ்கான் சிரிக்கவில்லை. "வெட்டும்னுதான் நெனைக்கிறேன்," என்றார். கடையில் காட்டுவதற்கு வைத்திருந்ததையே கொடுத்து, போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அம்மா சண்முகவடிவு கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். பக்கத்து மலை மூடிக்கொண்டு வந்தது. முதல் துளிகள் தகரத்தில் விழுந்தபோது கிருஷாந்தி வழக்கம் போல வெளியே வந்து காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பயந்து பயந்து இரண்டையும் மாட்டினாள்.

மழை நின்றுவிட்டது போல இருந்தது. யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. ஆனால் அது யார் வீட்டிலோ பெய்கிற மழை. முதல் அழைப்பில் மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் பேசினாள். அடுத்து மாத்தளை, அதற்கடுத்துக் காலி. ஒருவரிடமும் இரண்டாம் தரம் கேட்காமல் பேசினாள். எப்போதும் காதருகே ஏறி நிற்கும் தோள்கள் தானாகவே இறங்கின. ஒரு வருசமாக ஒவ்வொரு மழையிலும் பிடித்து வைத்திருந்த மூச்சை அன்றுதான் விட்டது போல இருந்தது. அடுத்த அழைப்புக்குக் காத்திருந்தபோது பாட்டுக்குப் போல மெல்லத் தலையாட்டிக்கொண்டுகூட இருந்தாள்.

அப்போதுதான் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள். தேத்தண்ணி மேலே வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

காதிலிருந்ததைப் பிடுங்கினாள். மழையின் இரைச்சல் ஒரேயடியாக வந்து அறைந்தது. ஆனால் பிள்ளைகள் கத்தவில்லை, எவர் வீட்டு ரேடியோவும் பாடவில்லை. கதவைத் திறந்தாள். லயத்தின் எல்லாக் கதவுகளும் ஆவென்று திறந்து கிடந்தன. இராமையா வீட்டு அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இஸ்தோப்பு நெடுக ஓர் ஆளும் இல்லை. எல்லாரும் செத்துவிட்டார்களா, தான்தான் செத்துவிட்டாளா என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கால்கள் தாமாக ஓடின.

கோயிலடியில் அத்தனை பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். லயத்துக்குப் பின்னால் மண்ணைத் தாங்கியிருந்த கல்லுக்கட்டு விழுந்து, சேறு அவள் வீட்டில் சமைக்கிற குசினியின் யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார்கள். அவளுடைய கதவை மட்டும் யாரும் தட்டவில்லை.

"நீதான் மொதல்ல எறங்கியிருப்பேன்னு நெனச்சோம் புள்ள," என்றார் இராமையா. "ஒனக்குக் கேக்காம எங்களுக்குக் கேக்குமா?"

கொழுந்துச் சாக்கோடு ஓடிவந்த சண்முகவடிவு மகளை ஏசவில்லை. அவள் முகத்தைப் பிடித்து இரண்டு காதையும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவான குரலில், "அந்தச் சாமானக் குடுத்துட்டு வந்துரு," என்றாள்.

கிருஷாந்தி தலையாட்டினாள். ஆனால் அவளை உண்மையில் உலுக்கியதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சேறு குசினிச் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இந்த ஒரு வருசத்தில் இல்லாத அளவுக்குச் சந்தோசமாக இருந்திருக்கிறாள். சாவு அப்படிச் சத்தமில்லாமல், சுகமாகக்கூட வரும் என்று அவள் நினைத்ததில்லை.

மதுரனைக் கூப்பிட்டு அன்றைய அழைப்புகள் அந்தப் பக்கம் எப்படி இருந்தன என்று கேட்டாள். அவன் பதிவைக் கேட்டுப் பார்த்தான். அவளுக்கு மழை கேட்கவில்லையே தவிர, வாடிக்கையாளருக்கு அது முக்கால்வாசி கேட்டிருக்கிறது. அந்த விலைக்கு அந்த மைக் அவ்வளவுதான். மலை வழுக்கியதையும் கல்லுக்கட்டு விழுந்ததையும் அப்போதுதான் முதல் தடவையாக அவனிடம் சொன்னாள். அவன் காலை முறையில் ஓர் இடம் எடுத்துத் தருவதாகச் சொன்னான். சொன்னபடி செய்தான்.

ரிஸ்கான் சாமானைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒரு பக்கக் காதை மட்டும் மூடுகிற, வாய்க்கிட்ட மைக் வருகிற வயர் ஹெட்செட் ஒன்றை எடுத்து வைத்தார். பார்க்க அழகில்லாதது. இடது காது திறந்தே இருக்கும். அதை வாங்கினாள்.

மழைக்காலம் முடியும் வரை லயத்துச் சனம் பாடசாலை மண்டபத்தில் தங்கியது. யார் காதையும் நம்ப வேண்டாம், மழை பெய்யும்போது ஆளுக்கு ஆள் முறை போட்டு மண்ணைப் பார்ப்போம் என்று கிருஷாந்தி சொன்னபோது இராமையா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு முதல் முறையை அவரே எடுத்துக்கொண்டார். காலையில் அவள் மண்டபத்து மூலையில் உட்கார்ந்து வேலை செய்வாள். மத்தியானம் மழை இறங்கினால் மற்றவர்களோடு உள்ளே இருக்கமாட்டாள். மலையைப் பார்த்தபடி வாசலில் நிற்பாள். சில நாளில் அந்த இரைச்சல் தாங்காமல் இரண்டு கையும் காதைப் பொத்த எழும்பும். பாதி வழியில் நிறுத்தி, கைகளைப் பாவாடையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.