தானாகக் கூடையில் ஏறிய பால்சுறா

காசிமேட்டில் ஐரீனின் கருவாட்டுக் கடைக்கு வந்த யாரும் கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு போனதில்லை. நெத்திலி கேட்டால், கூடவே ஒரு பொட்டலம் சென்னாக்குன்னிப் பொடி இறாலும் பைக்குள் விழுந்திருக்கும். பிள்ளை பெற்ற வீடு என்று முகத்திலேயே கண்டுபிடித்தால், தாய்ப்பால் ஊறப் பால்சுறாக் கருவாடும் சேரும். “போட்டுட்டேன், வேணாம்னா எடுத்துடு” என்பாள். எடுத்தவர்கள் குறைவு.

ஆன்லைன் கடையில்தான் இந்த வித்தை பலிக்கவில்லை. அண்ணன் மகள் பெனிஷா அழகாகக் கட்டிக்கொடுத்த கடை ஈயோட்டியது. “இந்த மாசத்தோட அத்த மூடிட்டு கடையில வந்து குந்து” என்றார் கணவர் சாலமோன். ஐரீனுக்கு மூட மனமில்லை. ஊர் பேர் தெரியாத அடுப்பிலெல்லாம் தன் கருவாடு மணக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

“அத்தே, கடையில செய்றதையே இங்கயும் செஞ்சா இன்னா?” என்றாள் பெனிஷா. “நெத்திலியத் தொட்டா மத்ததுக்கும் டிக் விழுந்திருக்கும். வேணாங்கறவங்க எடுத்துடுவாங்க.”

சென்னாக்குன்னிக்கும் பால்சுறாவுக்கும் டிக் போட்டார்கள். அன்றே போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது; ஒவ்வோர் ஆர்டரும் மூன்று பொட்டலம். ஐரீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்சல் ஒட்டும் டேப்பைத் தன் முழங்கையிலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரமே பெங்களூரிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். “அக்கா, என் பேரு ஜெயவேல். வியாசர்பாடிதான். இங்க ரூம் எடுத்து தனியா கீறேன். எங்கம்மா வந்த அன்னிக்குன்னு பாத்து நான் கேட்ட நெத்திலி பார்சல் வந்துச்சு. பால்சுறாவப் பாத்துட்டு, கொயந்த எங்கடான்னு கட்டிலுக்கு அடியில தேடுது.”

போன் கைமாறியது. “பொண்ணு யாரும்மா?” என்றாள் அவன் தாய் கெங்கம்மா.

“பொண்ணும் இல்ல, புள்ளையும் இல்லம்மா. அத்தப் போட்டது நான்.”

“ஓ, நீதானா அது?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சாலமோன் உப்பு மூட்டைமேல் சாய்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூடிடு” என்றார்.

ஐரீனுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. கடையில் அவள் முகம் பார்த்துப் போடுவாள். போட்டதை வாய்விட்டுச் சொல்வாள். இங்கே டிக் ஓர் ஓரத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தது.

“மேல பெருசா எழுது” என்றாள் பெனிஷாவிடம். “சென்னாக்குன்னி போட்டுகீறேன், வேணாம்னா இங்க தொட்டு எடுத்துடு. அப்பால, வூட்ல பச்சப்புள்ள கீதா? ஆமான்னா மட்டும் பால்சுறா.”

“யாரும் இப்படி எழுத மாட்டாங்க அத்தே.”

“நான் இப்டிதாண்டி பேசுவேன்.”

பார்த்தவர்கள் அந்தப் பேச்சைப் போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டார்கள். சென்னாக்குன்னியை எடுத்தவர்கள் இங்கேயும் குறைவு. மாதக் கடைசியில் சாலமோன் கடையில் உட்கார வேறு ஆள் தேடினார். அவர் கையிலும் டேப் ஒட்டியிருந்தது.

அன்றைக்கு ஜெயவேல் பெயரில் மறுபடி ஓர் ஆர்டர் வந்தது. பச்சப்புள்ள கேள்விக்கு ‘இல்லை’ தொடப்பட்டிருந்தது. கீழே கெங்கம்மா சொல்லி மகன் அடித்த குறிப்பு:

“இன்னும் இல்ல. பொண்ணு பாத்துகினு கீறோம். உங்க பக்கம் யார்னா இருந்தா, அதையும் சேத்து டிக் போட்டு அனுப்பு.”