எதிர்ச்சரிவில் அத்தையின் கூரை

அத்தை பேருந்து நடத்துநர். வாடகை வீட்டில் பிறந்து, இன்னொரு வாடகை வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். வீடு எங்கே என்று அவரைக் கேட்டால், பதில் யாராவது இன்னொருவரை வைத்துத்தான் தொடங்கும். மருந்துக்கடைக்காரர் மாடி, வாத்தியார் வீட்டுப் பின்பக்கம், டீச்சரம்மா கொட்டகைக்கு அடுத்தது.

அவருடைய பேருந்து மலையைச் சுற்றி ஏறும். ஒரு வளைவில் ஜன்னல் நிறைய எதிர்ச்சரிவு விரியும்: புல், பாறை, குட்டை மரங்கள். அந்தச் சரிவில்தான் அத்தை ஒரு துண்டு நிலம் வாங்கினார். காற்று, தண்ணீர், காட்சி என்றெல்லாம் அவர் காரணம் சொல்லவில்லை.

"வளைவுல வரும்போது கைய நீட்டி, அதோ என் வீடுன்னு சொல்லணும்டி. அவ்வளவுதான்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கட்டடக்கலை படித்துவிட்டு ஒரு சின்ன அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். அத்தை வீட்டை வரைவது யாரும் சொல்லாமலே என் தலையில் விழுந்தது. அந்தச் சரிவுக்கு லாரி ஏறாது. கான்கிரீட் கூரை போட வேண்டுமானால் கல்லும் மணலும் தலைச்சுமையாகப் போக வேண்டும். அதனால் இரும்புச் சட்டம் நிறுத்தி, கூரைக்கும் வெளிச்சுவருக்கும் தகர ஷீட் போர்த்தலாம் என்றேன். ஷீட் என்றால் நான்கு பேர் தோளில் ஏற்றிவிடலாம்.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "தகரத்துல வீடா? மழை பேஞ்சா உள்ள ஒரு வார்த்த பேச முடியாது."

"நல்லதாப் போச்சு," என்றார் அத்தை. "நீங்க பேசறது கேக்காதுல்ல."

ஷீட்டுக்கு அடியில் தடிமனாகப் பஞ்சுப் படுகை வைத்தால் சத்தமும் வெயிலும் அடங்கும் என்று நான் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை.

சிக்கல் நிறத்தில் வந்தது. வீடு நிலத்தை முட்டித் தள்ளிக்கொண்டு நிற்கக் கூடாது, அதோடு இழைந்து போக வேண்டும் என்றுதான் நான் படித்திருந்தேன். அதை அத்தையிடம் சொன்னேன்.

"ஒளிஞ்சுக்கவா வீடு கட்டறேன்? இத்தன வருஷம் அடுத்தவங்க வீட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தது போதாதா?"

அடங்கி நிற்கும் வீடுகளின் படங்களை வகுப்பில் ரசித்தபோது, அவற்றில் யார் இருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த மனிதர்களுக்கு மறைந்திருப்பது ஒரு ரசனை. அத்தைக்கு? நான் யார் பக்கம் நின்று வரைகிறேன் என்ற சந்தேகம் எனக்கே வந்தது.

பேசித் தீராது என்று பட்டதால் பார்த்தே முடிவு செய்யலாம் என்றோம். கடையிலிருந்து மாதிரி ஷீட்டுகளை வாங்கி வந்து, கூரையின் சாய்விலேயே ஒரு சட்டம் அடித்து நிலத்தில் நிறுத்தினோம். மாமா அங்கே ஷீட்டை மாற்றுவார். நானும் அத்தையும் பேருந்திலிருந்து பார்ப்போம்.

முதலில் பச்சை. அது என் யோசனை. சரிவு பச்சை, கூரையும் பச்சை என்றால் இரண்டும் கலந்துவிடும் என்று நினைத்தேன். வளைவில் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டதே அதுதான்.

"பிளாஸ்டிக் வாளிய கவுத்து வெச்ச மாதிரி இருக்கு," என்றார் அத்தை.

அப்படித்தான் இருந்தது. சரிவின் பச்சையை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். பழுப்பு, மஞ்சள், இலைக்கு அடியில் கிடக்கும் கறுப்பு என்று அதில் பாதி பச்சையே இல்லை. ஷீட்டில் மட்டும்தான் முழுப் பச்சை.

"தெரியுதுல்ல அத்தை, இதையே போட்டுடலாமா?"

"தெரியணும்டி. பாக்கறவன் சிரிக்கற மாதிரி தெரியக் கூடாது."

அடுத்தது அவர் ஆசைப்பட்டது. சாயம் பூசாத, வெள்ளியாகப் பளபளக்கும் ஷீட். காலை வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் வளைவில் திரும்பினோம். முன்கண்ணாடி முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. ஓட்டுநர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே பள்ளம்.

"யாரு வீட்டுதும்மா அது?" என்றார் ஓட்டுநர், மூச்சு வாங்கியபடி.

"என் வீடுண்ணே."

சொல்ல வேண்டும் என்று அவ்வளவு காலம் வைத்திருந்த வார்த்தை, பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் வந்தது. பிறகு ஃபோனை எடுத்து மாமாவிடம், "அத கீழ எறக்குங்க, உடனே," என்றார்.

கடைசியாக நான் வைத்தது, மினுமினுப்பே இல்லாத, கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பழுப்பு. அன்று அத்தை வளைவு முடியும்வரை எட்டி எட்டிப் பார்த்தார். ஷீட் இருக்கும் இடமே தெரியவில்லை. சீட்டுக் கேட்ட ஒருவருக்கு மீதி கொடுக்காமலே நகர்ந்துவிட்டார். பல நாள் என்னிடம் வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. நான் ஜெயித்ததாக எனக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் அவரே ஃபோன் செய்தார். "அந்த அழுக்குக் கலரையே போடு."

"எனக்காகவா அத்தை?"

"உனக்கென்ன, நீ பஸ்ஸா ஓட்டற? டிரைவர் அண்ணன் அந்த வளைவுல தினம் திரும்பணும்."

கூரையைச் சரிவின் போக்கிலேயே தாழ்த்தி, அதே ஷீட்டைச் சுவரிலும் செங்குத்துக் கோடுகளாக இறக்கினோம். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோடுகளின் நிழல் மரத்தண்டுகளோடு சேர்ந்துகொள்ளும். அத்தை குடிபோன பிறகு நான் வேலை வேலை என்று அலைந்ததில், அவர் பேருந்தில் ஏறுவதற்கே பல மாதம் ஆகிவிட்டது.

வளைவு நெருங்கியதும் பாதிப் பேருந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தது. யாரும் கேட்காமலே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னிக்காவது காட்டிடும்மா," என்றார் ஒரு பெரியவர்.

"தேடுங்க," என்றார் அத்தை, சீட்டுக் கிழித்துக்கொண்டே.

கூடைக்காரப் பெண் ஒருத்தி விரலை நீட்டினாள். "அந்த மரத்துக்குக் கீழ கறுப்பா இருக்கே, அதுவா?"

"அது பாறைக்கா. தெனம் அதத்தான் சொல்றீங்க."

இன்னொருவர் பொய்யாக ஏதாவது சொல்லி ஏமாற்றுகிறாயா, அங்கே வீடே இல்லையா என்றார். பேருந்தே சிரித்தது. தகரம் பளபளத்திருந்தால் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிகிற ஒன்றைக் காட்ட யாருடைய கையும் தேவைப்படாது. இதை நான் திட்டமிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் இல்லை.

அத்தை என் தோளுக்கு மேலே கையை நீட்டினார். "அதோ."

அந்த வீட்டின் ஒவ்வொரு கோடும் நான் போட்டது. அவர் விரல் நுனியிலிருந்து நேராகப் பார்த்தேன். புல், பாறை, மரம்.

"ம், தெரியுது அத்தை."

"பொய் சொல்லாதடி," என்றார். "நீயும் பாறையத்தான் பாக்கற."